நூறில் எட்டு

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில் மூன்று சுகாதார ஆய்வு மையங்கள் இருக்கின்றன. வடக்கே வறண்ட சமவெளியில் நவ்ராங்கோ, நடுவில் கிண்டாம்போ, தெற்கே தலைநகர் அக்ராவுக்குப் பக்கத்தில் டொடோவா. 2011 தொடக்கத்திலிருந்து 2013 ஏப்ரல் வரை குழந்தை பெற்றவர்களில் 1,500 பெண்களை இந்த மூன்று வட்டாரங்களிலும் தேடிப்போய்ப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். கேட்டவை எளிய கேள்விகள். கர்ப்பமாக இருந்தபோது நான்கு முறையாவது பரிசோதனைக்குப் போனீர்களா? பிரசவத்தின்போது பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்தாரா? பிள்ளை பிறந்து 48 மணி நேரத்துக்குள் உங்களையும் பிள்ளையையும் யாராவது சோதித்துப் பார்த்தார்களா? இரண்டாம் வாரம்? ஆறாம் வாரம்?

பதில்களைத் தனித்தனியே எடுத்தால் அப்படியொன்றும் மோசமில்லை. நான்கு பரிசோதனைகளைப் பெரும்பாலோர் முடித்திருந்தார்கள். நான்கில் மூன்று பேருக்குப் பயிற்சி பெற்றவர் கையில்தான் பிரசவம் ஆகியிருந்தது. ஆறாம் வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் ஏராளம், அது தடுப்பூசி போடும் சமயம். ஆனால் இந்த ஐந்தையும் ஒன்று விடாமல் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபோது வந்த விடை: நூறில் எட்டு.

சங்கிலி அறுந்தது பிரசவத்துக்கும் அடுத்த இரண்டு நாளுக்கும் நடுவில். 48 மணி நேரத்துக்குள் பரிசோதனை கிடைத்தவர்கள் கால்வாசிப் பேர்தான். விசித்திரம் என்னவென்றால், நான்கில் மூன்று பேர் அதற்குச் சற்று முன்புவரை ஒரு செவிலியரின் கண்ணெதிரே இருந்தவர்கள். பிள்ளை அழுதது, நஞ்சு விழுந்தது, கட்டில் அடுத்தவளுக்கு வேண்டும், வீட்டுக்குப் போகலாம். தாய்க்கு மிக ஆபத்தான நேரம் அப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நூறில் 90 பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரத் துறையின் ஆண்டறிக்கையில் ஐந்து கட்டங்களுக்கும் 90, 90 என்று அழகாக அச்சாகும். தவறவிடுபவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு ஆட்கள் என்றால், ஐந்தையும் முடிப்பவர்கள் வெறும் 59 பேர். 90 என்பது 75 ஆகக் குறைந்தால், முடிப்பவர்கள் 24 பேர். நிஜத்தில் இவ்வளவு விழாது, ஏனென்றால் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்: தூரத்து ஊர்க்காரி, பள்ளிக்கூடம் போகாதவள், வண்டிக்குக் காசில்லாதவள். ஆக, தனித்தனிச் சதவீதங்களிலிருந்து முழுச் சங்கிலியின் நிலையை ஊகிக்கவே முடியாது. ஒவ்வொரு பெண்ணையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்தால்தான் தெரியும். தனித்தனிச் சதவீதங்களை வெளியிடும் அமைச்சகங்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்த ஒரு பெண்ணுக்கும் என்ன நடந்தது என்பது அவற்றில் இல்லை.

கவனிப்பு ஒருபக்கம் இருக்கட்டும், பேறுகாலத்தில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 1985-இல் ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘தாய் சேய் நலம்’ என்று பெயர் வைத்த திட்டங்களில் சேய் இருக்கிறது, தாய் எங்கே என்று கேட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து நைரோபியில் பாதுகாப்பான தாய்மைக்கான உலக மாநாடு கூடியது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் பெண்கள் சாகிறார்கள் என்று அங்கே சொன்னார்கள். அந்த எண் வந்த விதம் ஏறக்குறைய ஊகம்தான். இறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லாத நாடுகளில்தானே சாவுகள் அதிகம்.

வீடு வீடாகப் போய்க் கேட்கலாமே என்றால், அங்கும் சிக்கல். ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500 சாவு என்பது பயங்கரமான நிலைமை. ஆனாலும் 200 பிரசவத்துக்கு ஒன்றுதான். நம்பத் தகுந்த எண் கிடைக்கப் பல்லாயிரம் வீட்டுக் கதவுகளைத் தட்டவேண்டும். ஏழை நாட்டுக்கு அந்தச் செலவு கட்டாது.

வெண்டி கிரஹாம், வில்லியம் பிராஸ், ராபர்ட் ஸ்னோ ஆகிய மூவர் கண்டுபிடித்த குறுக்குவழியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். செத்தவள் பதில் சொல்ல மாட்டாள். அவளோடு பிறந்தவர்கள் சொல்வார்களே! காம்பியா நாட்டின் கிராமங்களில் பெரியவர்களிடம் நான்கே கேள்விகள் கேட்டார்கள். உங்களோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்து கல்யாண வயதை எட்டிய அக்கா தங்கைகள் எத்தனை பேர்? இப்போது எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? எத்தனை பேர் இறந்துவிட்டார்கள்? இறந்தவர்களில் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்ளோ போனவர்கள் எத்தனை பேர்? ஒருவரிடம் கேட்டால் நாலைந்து பெண்களின் வாழ்வும் சாவும் தெரிந்துவிடுகிறது. சில ஆயிரம் பேரைக் கேட்டாலே போதும். 1989-இல் வெளியான இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

இதன் குறை, காலம். ஐம்பது வயதுக்காரர் சொல்லும் அக்காவின் சாவு முப்பது ஆண்டுக்கு முந்தையதாக இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விகிதம் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு முந்தைய நிலையைத்தான் சொல்லும். உலகத்தை உலுக்க அது போதும், நிதி கேட்கவும் போதும். இன்று ராத்திரி பணியில் இருக்கும் செவிலிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து வந்தவை பெரிய குடும்பநல ஆய்வுகள். 1984 முதல் அமெரிக்க உதவி நிதியில் தொண்ணூறு நாடுகளுக்கு மேல் நடந்தவை அவை. நம் தேசியக் குடும்ப நல ஆய்வும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை எண்கள் வரும். ஏழை நாடுகளின் பேறுகாலம் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு இந்த ஆய்வுகள் தந்தது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அந்த நிதியை நிறுத்தியது. நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் பாதியில் நின்றன.

இந்த ஆய்வுகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. எல்லாமே அந்தப் பெண்ணின் நினைவை நம்பி நிற்பவை. மொசாம்பிக்கிலும் கென்யாவிலும் பிரசவ அறையில் ஆய்வாளர் நேரில் நின்று குறித்துக்கொண்டு, பின்னால் அதே பெண்களிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வயிற்றைக் கிழித்து எடுத்தார்களா, கூடத் துணைக்கு யார் இருந்தார்கள் என்பதெல்லாம் சரியாகச் சொன்னார்கள். பிள்ளை பிறந்தவுடன் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி போட்டார்களா என்ற கேள்விக்குப் பதில் நம்பும்படி இல்லை. அந்த நிமிடத்தில் எந்தத் தாய் ஊசியைக் கவனித்துக்கொண்டிருப்பாள்! உயிரைக் காப்பது அந்த ஊசி. ஆய்வில் சரியாகப் பதிவாவது கட்டிலில் படுத்தாளா இல்லையா என்பது.

அதனால்தான் உலகம் முழுக்க ‘வந்தாளா?’ என்ற கேள்வி ‘என்ன கிடைத்தது?’ என்ற கேள்வியை விழுங்கிவிட்டது. இந்த ஆபத்தை 1978-லேயே ஒருவர் எச்சரித்திருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய தனஹாஷி, ஒரு சேவை இருக்கிறது என்பது வேறு, எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது வேறு, மக்கள் அதை ஏற்கிறார்கள் என்பது வேறு, வந்து சேர்கிறார்கள் என்பது வேறு, வந்தவருக்குப் பலன் கிடைத்தது என்பது இன்னொன்று எனப் பிரித்துக் காட்டினார். நான்காவது படியோடு எண்ணுவதை நிறுத்திக்கொள்வதுதான் அரசுகளுக்கு வசதி.

இந்தியா அந்த நான்காவது படியில் ஏறியதைப்போல வேறு நாடு ஏறியிருக்குமா என்பது சந்தேகம். 2005-இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம், ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளை பெற்றால் பணம் கொடுத்தது. பின்தங்கிய மாநிலங்களின் கிராமப்புறத்தில் 1,400 ரூபாய். 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் நூறில் 39 பேர்தான் மருத்துவமனையில் பெற்றிருந்தார்கள். பத்து ஆண்டில் அது 79, 2019-21 ஆய்வில் 89. தாய்மரண விகிதமும் இதே காலத்தில் ஒரு லட்சத்துக்கு 254 என்பதிலிருந்து 97-க்கு இறங்கியது. திட்டத்தால்தான் சாவு குறைந்தது என்று சொல்லிவிடலாமா? ஒன்பது மாநிலங்களின் மாவட்டங்களை எடுத்து ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2013-இல் வந்தது. மருத்துவமனைப் பிரசவம் அதிகமாக இருந்த மாவட்டத்தில் தாய்மரணம் குறைவாக இருந்ததா என்று பார்த்தால், அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. வந்து சேர்ந்த இடத்தில் ரத்தம் இல்லை, மயக்க மருந்து கொடுக்க ஆளில்லை, ராத்திரி அறுவைசிகிச்சை இல்லை என்றால், மண் தரைக்குப் பதில் சிமெண்ட் தரை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, உள்ளே நடப்பதைத் திருத்திவிட்டால்? அதையும் உத்தரப் பிரதேசத்தில் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 24 மாவட்டங்களில் 120 மருத்துவமனைகள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். கையைக் கழுவு, பி.பி. பார், பிறந்தவுடன் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி போடு என்பது போன்ற 28 செயல்கள் கொண்ட ஒரு பட்டியல். அதைக் கடைப்பிடிக்கப் பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் வந்து துணை நின்றார்கள். பட்டியலில் உள்ளதைச் செய்யும் வழக்கம் நன்றாகவே கூடியது. 2017 இறுதியில் முடிவு வெளியானது. தாய், சேய் மரணமும் தாயின் கடும் சிக்கல்களும் சேர்ந்த எண்ணிக்கை, பட்டியல் இருந்த இடத்தில் நூறில் 15.1, இல்லாத இடத்தில் 15.3. வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்களே என்று பாராட்டத் தோன்றுகிறது. பட்டியல் ஒருவரின் பழக்கத்தை மாற்றும். இல்லாத டாக்டரை அது வரவழைக்காது.

இந்த இடத்தில் மனம் சோர்ந்துபோகத் தேவையில்லை. எளிமையான ஓர் அளவுகோல் எதிர்பாராத அளவுக்கு வேலை செய்த கதையும் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் உடலுக்குள் போகவேண்டும்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குமேல் ரத்தம் பாய்கிறது. பிள்ளை வெளியே வந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடம் திறந்த புண்ணாகிவிடும். அந்த ரத்தக்குழாய்களை அடைப்பது ரத்தம் உறைவது மட்டுமல்ல. கருப்பைத் தசையின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன, குழாய்கள் அந்தப் பின்னலுக்கு நடுவே ஊடுருவிப் போகின்றன. தசை சுருங்கினால் ஒவ்வொரு குழாயும் தானே நெரிபட்டு மூடிக்கொள்ளும். ‘கருப்பை கல் மாதிரி இறுகணும்’ என்று மருத்துவச்சிகள் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது இதற்குத்தான். இறுகாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பெண் ரத்தம் முழுக்க இழந்து சாகலாம். ஏற்கெனவே ரத்தச்சோகை உள்ளவளுக்கு அந்த நேரமும் கிடையாது. உலகில் தாய்மரணங்களில் கால் பங்குக்கு மேல் ரத்தப்போக்கால் நேர்பவை.

500 மில்லிக்கு மேல் போனால் ஆபத்து என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. போனது 500 மில்லியா, 300-ஆ என்று எப்படித் தெரியும்? துணியில் ஊறிப்போகிறது, மெத்தையில் பரவுகிறது, வாளியில் பனிக்குட நீரோடு கலக்கிறது. செவிலி கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறார். கர்நாடகத்தின் பெலகாவியில் மருத்துவர்கள் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை உருவாக்கினார்கள். தாயின் இடுப்புக்குக் கீழே விரித்தால் ரத்தம் வழிந்து கீழே ஒரு பையில் சேரும். பையில் மில்லிலிட்டர் கோடுகள். கண் மதிப்பையும் பை காட்டியதையும் ஒப்பிட்டபோது கண் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 2006-இல் வெளியான இந்த ஆய்வு நிபுணர்களுக்குள் பேசப்பட்டது. உலகம் அதை எடுத்துக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

2023-இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். ஆய்வு அமைந்த விதத்தில் ஓர் அழகு இருக்கிறது. எல்லா மருத்துவமனைக்கும் விரிப்பு கொடுத்தார்கள். பாதி இடங்களில் பையில் கோடுகள் உண்டு, மீதியில் கோடு இல்லாத வெறும் பை. அதை ஆய்வாளர்கள் எடைபோட்டுக் குறித்துக்கொண்டார்கள். கோடு இருந்த இடங்களில் முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை பையையும் நாடியையும் பார்த்தார்கள். ரத்தம் 300 மில்லியைத் தொட்டு, நாடியோ பி.பி.யோ சரியில்லை என்றால், அல்லது எதுவானாலும் 500-ஐத் தாண்டினால், ஐந்து வைத்தியத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே தொடங்கவேண்டும்: கருப்பையைத் தேய்த்துவிடுவது, சுருங்கவைக்கும் மருந்து, ரத்தம் உறைய உதவும் டிரனெக்சாமிக் அமிலம், டிரிப்ஸ், எங்கிருந்து வருகிறது என்று பரிசோதனை.

கோடில்லாத பை இருந்த இடத்தில் ரத்தப்போக்குகளில் பாதி கண்ணில் படவே இல்லை. கோடு இருந்த இடத்தில் நூறில் 93 கண்டுபிடிக்கப்பட்டன. வைத்தியம் முழுதாகக் கிடைத்தது அங்கே நூறில் 19 பேருக்கு, இங்கே 91 பேருக்கு. ஒரு லிட்டருக்கு மேல் போகும் கடும் ரத்தப்போக்கு, அதற்கான அறுவைசிகிச்சை, அதனால் மரணம் இவையெல்லாம் சேர்ந்து 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் இரு தரப்பிலும் எண்ணிக்கை சிறியது, உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மருந்துகளில் எதுவும் புதிதல்ல. அவை இரு தரப்பு மருத்துவமனைகளிலும் அலமாரியில் இருந்தவை. 2025-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த 300 மில்லி எல்லையைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்துக்கொண்டது.

அக்கா தங்கைக் கணக்கு 12 ஆண்டு கழித்து வந்து அமைச்சரின் மேசையில் உட்கார்ந்தது. பையின் கோடு கால் மணி நேரத்தில், வைத்தியம் செய்யக்கூடியவர் கண்ணெதிரே நிற்கிறது. எண்ணைப் பார்ப்பவரும் அதற்கு ஏதாவது செய்யக்கூடியவரும் ஒரே ஆளாக இருக்கும்போது அளப்பதே பாதி வைத்தியம். தொடர் கவனிப்பில் வேலை செய்தவை, செய்யாதவை எல்லாவற்றையும் இந்த ஒரு உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. 1930-களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மார்களுக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். பணக்கார நாடாகாமலேயே அது பல மடங்கு இறங்கியது, ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாக. காரணம் பல. மலேரியா ஒழிப்பு, பெண்கல்வி, இலவச மருத்துவம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டின் நடுவில் நிற்பவர் ஊர்ப் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல மருத்துவமாது. தன் பகுதியில் பிள்ளை பெறும் வயதில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் அவருடைய பதிவேட்டில் இருக்கும். கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து ஓர் அட்டை, பிரசவம் முடிந்தபின் அவரே வீட்டுக்கு வருகை. வரவேண்டியவள் வராவிட்டால் முதலில் தெரிவது அவருக்குத்தான், தேடிப் போகவேண்டியவரும் அவரேதான். ஒரு தாய் இறந்தால், ஏன் என்று வீடுவரை போய் விசாரிப்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலை ‘நர்சம்மா’ என்று ஊர் அழைக்கும் கிராம சுகாதார செவிலியருடையது. இங்கே சங்கிலியை அறுப்பது நம் வழக்கம் ஒன்று. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகவேண்டும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் அவள் வேறு மாவட்டம் போய்விடுவாள். புகுந்த ஊர் நர்சம்மாவின் ஏட்டில் அவள் பாதியில் நிற்கிறாள், பிறந்த ஊர் நர்சம்மாவுக்கு அவள் திடீரென்று வந்த விருந்தாளி. பி.பி. ஏறத் தொடங்கும் கடைசி மாதங்கள் இப்படி இரண்டு ஏடுகளுக்கு நடுவில் விழுந்துவிடும். ‘பிக்மி நம்பர் போட்டாச்சா?’ என்று இன்று எல்லாக் கர்ப்பிணிகளையும் கேட்கிறார்களே, அந்த மாநிலக் கணினிப் பதிவின் உண்மையான பயன் அங்கேதான். எந்த ஊருக்குப் போனாலும் எண் கூடவே போகும். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும் என்றானதும் பதிவு தானாகப் பெருகியது. ஆனால் சான்றிதழுக்காகப் போடும் எண்ணும், ஹீமோகுளோபின் ஏழாக இருப்பதைப் பார்த்துவிட்டு நர்சம்மா அன்று மாலையே வீட்டுக்குப் போவதும் வேறு வேறு. முன்னதைக் கணினி எண்ணிவிடும்.

கானாவும் அந்த எட்டோடு நிற்கவில்லை. ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அதே மூன்று வட்டாரங்களிலும் ஒரு புது ஏற்பாட்டைச் சோதித்தார்கள். தாயின் கையில் ஓர் அட்டை, எந்தெந்த நாள் வரவேண்டும் என்று அதில் இருக்கும். ஒவ்வொரு முறை வந்துபோனதும் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவார்கள். பள்ளிப்பிள்ளைகளுக்குச் செய்வதைப் பெரியவர்களுக்குச் செய்கிறார்களே என்று சிரிக்கலாம், ஆனால் எழுத்து தெரியாதவளும் விட்டுப்போன இடத்தைப் பார்த்தவுடன் கண்டுகொள்வாள். பிரசவம் ஆனவர்களை 24 மணி நேரம் தங்கவைத்து முதல் பரிசோதனையை அங்கேயே முடித்தார்கள், வீட்டில் பெற்றவர்களைத் தேடிப் போனார்கள். தங்கவைப்பது சொல்ல எளிது. கட்டில் வேண்டும், தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், கூட வந்த மாமியாருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் வேண்டும்.

இன்னும் ஒரு எல்லை பாக்கி இருக்கிறது. கர்ப்பத்திலோ, அது முடிந்து 42 நாளுக்குள்ளோ நேர்ந்தால்தான் சர்வதேச வரையறைப்படி அது தாய்மரணம். 43-ஆம் நாள் இதயம் நின்றுபோனால், பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகும்போது தாய் தூக்கில் தொங்கினால், அந்த விகிதத்தில் அவர்கள் வரமாட்டார்கள். ஓராண்டு வரையிலான சாவைப் பிந்திய தாய்மரணம் என்று குறிக்க ஒரு குறியீடு இருக்கிறது. இறப்புக்கான காரணத்தையே ஒழுங்காகப் பதியாத நாடுகளில் அதை நிரப்புவார் இல்லை. கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் 2004 முதல் ஒவ்வொரு தாய்மரணத்தையும் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வருகிறது. ரத்தப்போக்கையும் பி.பி.யையும் ஓரளவு அடக்கியபின் அவர்கள் பட்டியலில் மேலே வரத் தொடங்கியவற்றில் ஒன்று தற்கொலை. அதற்குக் கோடு போட்ட பை எதுவும் இன்னும் யாரிடமும் இல்லை. ஆறாம் வாரத் தடுப்பூசியோடு தாய்க்கான கவனிப்பும் முடிந்துவிடுகிறது. பிறகு எடை பார்ப்பதும் ஊசி போடுவதும் பிள்ளைக்கு மட்டும்.